பின்னறையைப் பார்க்காமல் வாங்கிய வீடு

அப்பாவும் மகளும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, வாடகைக்கு விட்டிருந்த வீட்டில் ஒழுகிய குழாய்க்கு வாஷர் மாற்றியது. குடியிருந்த தையல்காரப் பெண் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கம்பெனிக்குப் போயிருந்தாள். அப்பா குழாயைப் பிடித்துக்கொள்ள, மகள் பழைய வாஷரைச் சுரண்டி எடுத்தாள்.

"இதுக்கா அவ்வளவு படிச்சே?"

"பிளம்பருக்குக் குடுக்கற காசு மிச்சம். வீட்டுக்காரர் சந்தோஷப்படணும்ல?"

வீட்டுக்காரர் என்று சொன்னால் போதும், அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

கை துடைக்கத் துணி தேடிப் பின்னறைக்குப் போனவள் அண்ணாந்து பார்த்தாள். கூரையில் துருக்கறை. உள்ளே கம்பி ஓடும் வாக்கிலேயே நீளமாக ஒரு வெடிப்பு. கட்டடங்களின் பலத்தைச் சோதித்துச் சொல்வதுதான் அவள் பிழைப்பு. நாற்காலியில் ஏறி ஸ்பேனரால் தட்டினாள். காலி டப்பாவைத் தட்டிய சத்தம் வந்தது. கீழே தையல்காரப் பெண்ணின் பிள்ளைகளுடைய படுக்கை சுருட்டிக் கிடந்தது.

"வாங்கும்போது இந்த ரூமைப் பாக்கலையாப்பா?"

"பொம்பளைங்க துணி காயப் போட்டிருந்தாங்க. எப்படிம்மா உள்ள போறது?"

ஆயுள் முழுக்க மின்சார மீட்டர் கணக்கெடுத்த மனுஷன். ஊரில் அவர் நிற்காத வாசல் கிடையாது, நுழைந்த வீடும் கிடையாது. ஓய்வுப் பணம் வந்ததும், வீடு வாங்கி வாடகைக்கு விடும் ஆசை பிடித்து ஆட்டியது. போதாததற்கு வங்கிக் கடனும் வாங்கினார். புதிதாக வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று விடாமல் கேட்டுத் தரகரைத் துளைத்தெடுத்தார். பத்திரம் யார் பேரில்? வில்லங்கம் உண்டா? குடியிருப்பவர் வாடகையை ஒழுங்காகத் தருவாரா? வீடு காலியாகக் கிடந்தால் தவணையை எதை வைத்துக் கட்டுவது? "சார், நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்று தரகர் ஐஸ் வைத்தார். இத்தனையும் கேட்டவர், அடுத்தவர் படுக்கும் அறை என்று கூச்சப்பட்டு ஹாலோடு நின்றுவிட்டார். மகளிடம் சொன்னதே பதிவு முடிந்த பிறகுதான். "நீ வந்தா ஏதாவது குறை சொல்லுவே. வீடு கைநழுவிடும்."

இப்போது குறை தலைக்கு மேலே நின்றது.

"இன்னிக்கே இந்த ரூமைக் காலி பண்ணச் சொல்லணும்ப்பா. உள்ள கம்பி துருப்பிடிச்சு கூரை விட்டுப்போச்சு, எப்ப வேணா விழும்."

"ஒரு ரூமை எடுத்துட்டா வாடகையைக் குறைக்கணுமே."

"குறைங்க."

"பேங்க்காரன் தவணையைக் குறைப்பானா?"

"சரி, நானே இருந்து சொல்லிட்டுப் போறேன்."

"நீ வேண்டாம். வீட்டுக்காரன் நான்தானே? சாயங்காலம் வந்து பக்குவமாச் சொல்லிடறேன்."

வேலை இருந்த ஊருக்குத் திரும்பியவள் மறுநாள் போனில் கேட்டாள்.

"சொல்லிட்டீங்களாப்பா?"

"போய்ட்டு வந்துட்டேம்மா."

அந்த வாரமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

துக்கம் விசாரிக்கத் தரகரும் வந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "தங்கமான மனுஷன். வீட்டை விக்கிற யோசனை இருந்தா நம்மகிட்டயே சொல்லுங்க" என்றார். மகளுக்கு வாயில் வந்தது வேறு. அம்மாவின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினாள். தவணை போக வாடகையில் மிஞ்சுவதுதான் இனி அம்மாவுக்குச் சோறு.

மறுநாள் வாடகை வீட்டுக்குப் போனாள். தையல்காரப் பெண்ணுக்குச் சாவுச் செய்தி எட்டியிருந்தது. மகளைக் கண்டதும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அப்பா அன்னிக்கு சாயங்காலம் வந்தாரா அக்கா?"

"வந்தாரே. குழாய் ஒழுகலையேன்னு கேட்டார். தண்ணி வாங்கிக் குடிச்சார். ரொம்ப நேரம் உக்காந்திருந்தார் பாவம். எந்திரிக்கும்போது, பின்னாடி ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சுத் தரேன்னு சொன்னார்."

"வேற?"

"வேற என்ன? வீட்டுக்காரரே வந்து பெயிண்ட் அடிச்சுத் தரேன்னு எந்த வீட்டுல சொல்றாங்க? அதான் தையல் மெஷினையும் அங்கயே மாத்திட்டேன். பிள்ளைங்க தூங்கும், நான் பாட்டுக்குத் தச்சிட்டிருப்பேன். வந்து பாரேன்."

மகள் போய்ப் பார்த்தாள். வெடிப்பு ஒரு முழம் கூடியிருந்தது. அதற்கு நேர் கீழே மெஷின், மெஷினுக்குப் பக்கத்தில் விரித்த படுக்கை.

"அக்கா, நீங்க முதல்ல வெளிய வாங்க" என்றாள். "அப்பா சொல்ல வந்தது பெயிண்ட் இல்ல."