மேஸ்திரிக்காக விட்டுவைத்த போல்ட்

"அந்தப் படகையா வேலைக்கு எடுத்திருக்கீங்க, சித்தி?" என்று கேட்டேன்.

"ஆமா."

"ஆறு வருஷமா அதைத் திட்டிக்கிட்டே இருந்தீங்களே?"

"படகை எங்கடி திட்டினேன்? மேஸ்திரியைத் திட்டினேன். படகு வாயில்லா ஜீவன்."

"சரிபண்ணிடுவீங்களா?"

"சரிபண்றது அப்புறம். முதல்ல அதைப் பேச வைக்கணும்."

சித்தி இருபது வருடம் படகுப் பட்டறையில் இருந்தவர். பலகை இடுக்குகளில் பஞ்சுத்திரியை வைத்து, உளியால் அடித்து இறுக்கி, நீர் புகாமல் அடைப்பார். அந்தப் பாய்மரப் படகின் நடுவில், நீருக்குள் இறக்கவும் ஏற்றவும் ஒரு பலகை உண்டு. அடிக்கட்டையில் வெட்டிய நீளமான பிளவின்மேல் நிற்கும் குறுகிய பெட்டிக்குள் அது ஏறி இறங்கும். பெட்டியை அடிக்கட்டையோடு போல்ட் போட்டு இறுக்கியவர் பட்டறை மேஸ்திரி. இடுக்கில் பஞ்சு அடித்தவர் சித்தி. படகை நீரில் இறக்கிய முதல் வாரமே அதற்குள் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறியது.

"பொம்பளை அடிச்ச பஞ்சு, அப்படித்தான் இருக்கும்" என்று மேஸ்திரி எல்லார் முன்னாலும் சொன்னார். அன்றே சித்திக்கு வேலை போயிற்று. அதன்பிறகு எந்தப் பட்டறையும் அவரைக் கூப்பிடவில்லை. நாற்காலிக் கடையில் உப்புத்தாள் தேய்த்தார். தேய்க்கும்போது மேஸ்திரியின் மூக்கை நினைத்துக்கொள்வாராம். வழவழப்பு நன்றாக வருமாம்.

மேஸ்திரி கசிவின்மேல் சிமெண்டைக் கொட்டி மூடினார். அது நிற்கவில்லை. மறுபடி கொட்டினார். அலுத்துப்போன படகின் சொந்தக்காரர், ஒரு பல் டாக்டர், யாரோ சொல்லிச் சித்தியைத் தேடி வந்தார். அவருக்கு நம் மொழி வராது. நான் பள்ளியில் படித்த இன்னொரு மொழிதான் அவருடையது. அதனால் பேச நான் போனேன்.

சித்தி நான்கு நாள் சிமெண்டைக் கொத்தினார். பிறகு கரையில் முட்டுக்கொடுத்து நின்ற படகின் அடிப்பிளவை அடைத்து, பெட்டிக்குள் நீலம் கலந்த தண்ணீரை ஊற்றினார். பஞ்சு அடித்த இடுக்கு முழுதும் காய்ந்தே இருந்தது. போல்ட்டுகளின் வழியாக மட்டும் நீலம் சொட்டியது. ஒன்றைக் கழற்றினார். வெண்கலம் இருக்க வேண்டிய இடத்தில் துருப்பிடித்த இரும்பு, பென்சில் அளவுக்கு இளைத்திருந்தது. அதன் தலையில் மட்டும் வெண்கல நிறப் பெயிண்ட்.

அத்தனையையும் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். மேஸ்திரிக்கு ஆள் அனுப்பினார். மேஸ்திரி, பட்டறை ஆட்கள் நாலைந்து பேரோடு, சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்னம்மா, உன்னால முடியலையா?"

"ஒரு போல்ட்டு மட்டும் மிச்சம், மேஸ்திரி. நீங்க போட்டது. உங்க கையாலயே கழட்டுங்க."

ஸ்பானரை நீட்டினார். டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார், மறுக்க வழியில்லை. மேஸ்திரி ஒரு திருப்புத் திருப்பினார். போல்ட்டின் தலை முறிந்து ஸ்பானரோடு கையில் வந்தது. உள்ளே துரு. பட்டறை ஆட்களில் ஒருவர், "அடப்பாவி, இரும்பா!" என்றார்.

மேஸ்திரி சித்தியின் பக்கம் குனிந்தார். "பெரிசாக்காதம்மா. பழைய மரம், உளுத்துப்போச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடு. உன் கால்ல வேணா விழறேன். நாளைக்கே வேலைக்கு வந்துடு."

டாக்டர் என்னிடம், என்ன சொல்கிறார் என்று கேட்டார். நான் மேஸ்திரியைப் பார்த்தேன். அவருக்கு என் அப்பா வயது இருக்கும். முறிந்த போல்ட்டின் தலையை இன்னும் கையில் பிடித்திருந்தார்.

சித்தி என் தோளைப் பிடித்தார்.

"கண்ணு, எனக்காக ஒண்ணே ஒண்ணு செய். அவர் சொன்னதை அப்படியே சொல்லு. கால்ல விழறேன்னு சொன்னார் பாரு, அதையும் விட்டுடாத. நீ மரியாதை தெரிஞ்ச பொண்ணு, பாவம் பாத்து ரெண்டு வார்த்தையை முழுங்கிடுவ. இன்னைக்கு ஒருநாள் மட்டும் முழுங்காத."