வெள்ளைக் காரின் கூட்டு எண்

"மார்ச் 9, ஞாயிறு, காலை 10.40. பத்தாங் காலி. வெள்ளை ஹேட்ச்பேக், ஐந்து கதவு, ஆட்டோ கியர். பன்னிரண்டில் பன்னிரண்டும் சரி. எண் 3149. அத்தான் வேண்டாம் என்றார்." சென்ற ஆண்டுக் குறிப்பேட்டில் அந்த நாளுக்கு நான் எழுதியது இவ்வளவுதான். நீல மையில் எழுதியிருக்கிறேன். கடைசி வாக்கியத்தில் மட்டும் பேனாவை அழுத்தியதில் தாளின் பின்பக்கம் தடித்திருக்கிறது. அத்தான் டிசம்பர் 11ஆம் தேதி இறந்துபோனார். பதினாறாம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அக்கா கேட்டபோது, பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி ஆகியவற்றைச் சரிபார்த்து எழுதிக் கொடுத்தேன். அக்கா படித்துவிட்டு, "என்னடா இது, ஃபாரம் நிரப்புன மாதிரி இருக்கு" என்றாள். மலரில் போட முடியாதது இங்கே இருக்கிறது.

அத்தான் எங்கள் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் தலைமைக் கிராணி, அதாவது தலைமை எழுத்தர். பெஸ்தாரி ஜெயாவைத் தாண்டி இருந்த எங்கள் தோட்டத்தில் கிராணி என்றால் துரைக்கு அடுத்த குரல். அக்காவை அவருக்குக் கட்டிக்கொடுத்தபோது, ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய என் அப்பா, மருமகன் முன்னால் நாற்காலியில் உட்காரப் பழகவே இரண்டு வருடம் ஆயிற்று. அவரிடம் பழுப்புத் தாளில் அட்டை போட்ட எண்கணிதப் புத்தகம் ஒன்று இருந்தது. சட்டைப்பையில் சின்னக் கால்குலேட்டர். எங்கள் குடும்பத்தில் குழந்தைக்குப் பெயர், கல்யாணத் தேதி, வீட்டு எண், கைத்தொலைபேசி எண் எதுவும் அவர் கூட்டிப் பார்க்காமல் முடிவானதில்லை. இலக்கங்களைக் கூட்டி எட்டு வந்தால் உதட்டைப் பிதுக்குவார். அது சனீஸ்வரனுடைய எண் என்பார். விளக்கம் கேட்டவர்களை நான் பார்த்ததில்லை.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அப்பாவுக்கு மாரடைப்பு வந்த அன்று, லோரிக்குக் காத்திராமல் தன் மோட்டார் சைக்கிளிலேயே அவரை இடுப்போடு துண்டால் கட்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர் இந்த அத்தான்தான். அதை நான் மறக்கவில்லை. மறக்கும்படி அவர் விட்டதும் இல்லை.

எனக்குப் பத்தொன்பது வயதில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. தேதி பதினேழு. அத்தான் கடிதத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் படித்தார், மடித்தார், அப்பாவிடம் கொடுத்தார். "ஒண்ணும் ஏழும் எட்டு மாமா. அன்னைக்கிப் போனா காரியம் ஆகாது. அடுத்த வருசம் போகட்டும்." அடுத்த வருடம் கடிதம் வரவில்லை. அவர் கடிதத்தை மடித்துக் கொடுத்த அதே மாதம் ஆலையின் ஸ்டோரில், பேரேடு எழுதத் தெரிந்த ஓர் ஆள் தேவைப்பட்டது. அத்தான் என்னைக் கூட்டிப்போய் நிறுத்தினார். அவருக்குக் கீழே இருபத்திரண்டு ஆண்டுகள் இரும்பு நட்டும் கிரீஸ் டின்னும் எண்ணினேன். அந்த மாதம் அவருக்கு ஸ்டோரில் ஆள் இல்லை என்பதும், அதே மாதம்தான் எனக்கு ராசியில்லாத தேதி வந்தது என்பதும் ஒரே பக்கத்தில் எழுதவேண்டிய செய்திகள் என்று எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தோன்றியது.

சென்ற ஆண்டு என் மகளுக்கு ரவாங்கில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் தாதி வேலை கிடைத்தது. ஏப்ரல் முதல் தேதி சேர வேண்டும். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். முதல் நோயாளிகள் ஆறரைக்கு வருவார்கள், ஆறு மணிக்கெல்லாம் இயந்திரங்களைத் தயார் செய்யவேண்டும். எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே முக்கால் மணி நேரச் சாலை. ஆகவே ஒரு சின்னக் கார், பழையதாக இருந்தாலும் நடுவழியில் நிற்காத கார் வேண்டும். மூன்று வாரம் படித்துப் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தயாரித்தேன். என் புத்திக்கு ஏற்றபடி பாதிக் கேள்விகள் தேதியைப் பற்றியவை. டயரின் பக்கவாட்டில் அது தயாரான வாரமும் ஆண்டும் நான்கு இலக்கத்தில் இருக்கும். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடியில் ஒரு சீட்டில் தேதி இருக்கும். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் அதன் ஆண்டு இருக்கும். எல்லாம் ஒரே காலத்தவை என்றால் வண்டி பெரிய அடி வாங்கவில்லை என்று ஓரளவு நம்பலாம்.

மார்ச் 5 புதன்கிழமை அந்த வெள்ளைக் காரின் விளம்பரத்தைப் பார்த்தேன். வழக்கப்படி அத்தானுக்குச் சொன்னோம். நான் சொல்லவில்லை, என் மனைவி சொன்னாள். மறுநாளே போய்விடலாம் என்று பக்கத்திலிருந்து சொன்னேன். "அவசரப்படாதே மச்சான், ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன்" என்று அவர் தொலைபேசியில் சொன்னது எனக்குக் கேட்டது. அப்போது எண்ணை அவர் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்தாங் காலியில் அந்தக் கார் கடையின் தகரக் கூரைக்குக் கீழே பதினான்கு வண்டிகள் நின்றன. சேல்ஸ்மேன் தமிழர், நம் ஆள். என் பெயரைக் கேட்டார், மகளின் பெயரைக் கேட்டார், அத்தானைக் கேட்கவில்லை. வெள்ளைக் கார் எங்கே என்றதும் ஒரு வினாடி தயங்கினார். "அதா அங்கிள்? பாருங்க, பார்க்குறதுல என்ன. இந்தச் சில்வரையும் பாத்துருங்கலா, நல்ல வண்டி." நான் வெள்ளையிடம் போனேன். பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் ஓட்டிய வண்டி. எல்லாக் கண்ணாடியும் ஒரே ஆண்டு. பெல்ட்டுகள் அதே ஆண்டு. சர்வீஸ் புத்தகத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முத்திரை, இடையில் ஒன்றுகூட விடுபடவில்லை. அந்த அம்மாவை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மரியாதை செய்திருப்பேன். மகள் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "அப்பா, கியர் மாறுறதே தெரியலப்பா" என்றாள்.

அத்தான் வண்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கால்குலேட்டரை எடுக்கவேயில்லை.

"மூணும் ஒண்ணும் நாலும் ஒம்பதும் பதினேழு. எட்டு. வேணாம்."

"மாமா, அப்பா லிஸ்ட்டுல பன்னெண்டுக்குப் பன்னெண்டு வந்திருக்கு" என்றாள் மகள்.

"உங்கப்பன் லிஸ்ட்டு வண்டிக்குத்தாம்மா. நான் சொல்றது உனக்கு. இருட்டு விடியறதுக்குள்ள தனியாப் போற புள்ள. எட்டு ரோட்டுல ரத்தம் பாக்காம விடாது."

இதைத்தான் நான் மன்னிக்கவில்லை. எண்ணில் எனக்கு நம்பிக்கை கிடையாது, அன்றும் இல்லை. ஆனால் பெற்ற பிள்ளையையும் ரத்தத்தையும் சேர்த்து ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு நம்பிக்கை இல்லாதவனுக்கும் தப்ப வழியில்லை. என் மனைவி சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு என்னைத் தனியே அழைத்தாள். "அண்ணன் சொல்லிட்டாருங்க. இனிமே அவ அதுல போறப்ப நான் எப்படி வீட்ல இருப்பேன்?" அவளுக்குப் பதில் சொல்ல என்னிடம் பன்னிரண்டு கேள்விகள் இருந்தன. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

சில்வர் காரின் எண் 2336. கூட்டினால் ஐந்து. அத்தான் கையைத் தட்டினார். முன் கண்ணாடி மற்றவற்றைவிட நான்கு ஆண்டு புதியது, இடது பக்க பெல்ட்டும் அப்படியே என்று காட்டினேன். "கண்ணாடி உடையாதாலா? லோரியில இருந்து கல்லு அடிச்சிருக்கும். நீ என்ன மச்சான், கார் வாங்க வந்தியா, கல்வெட்டு படிக்க வந்தியா?" சேல்ஸ்மேன் சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள், நிம்மதியில். பன்னிரண்டில் ஏழுதான் தேறியது. அதையே வாங்கினோம். கோயிலில் பூசை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியபோது தேங்காய் உடைத்தவர் அத்தான்.

ஏப்ரல் 28, திங்கள். மே 15, வியாழன். ஜூன் 3, செவ்வாய். இந்த மூன்று காலைகளிலும் வண்டி வழியில் நின்றது. சூடேறியதும் எஞ்சின் மட்டும் இரையும், சக்கரம் நகராது. மூன்றாவது முறை நான் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது, அவள் வெள்ளைச் சீருடையோடு சாலை ஓரத்தில் செம்பனை மட்டைக் குவியலின் அருகே நின்றாள். பழ லோரிகள் அவளைத் தாண்டிப் புழுதி இறைத்துக்கொண்டு போயின. பின்னால் உட்காரவைத்து ரவாங்கில் கொண்டு விட்டேன். ஏழேகால் ஆகிவிட்டது. உள்ளே நாற்காலியில் ஒரு கிழவர் கையை நீட்டியபடியே காத்துக்கொண்டிருந்ததைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். ஜூன் 30 அன்று அவளை நிரந்தரமாக்கவில்லை என்று சொன்னார்கள். அவள் அழவில்லை. இப்போது எங்கள் ஊர் மருந்துக்கடையில் நிற்கிறாள். மெக்கானிக், கியர் பெட்டி ஏதோ விபத்தில் அடிபட்டுத் திரும்பப் பூட்டியது என்றார். எந்தப் பக்கம் அடிபட்டது என்று கேட்டேன். இடப்பக்கம்.

ஜூலை 20, ஞாயிறு. அக்காவைப் பார்க்கப் புக்கிட் செந்தோசா போயிருந்தேன். வீட்டு வாசலில் 3149 நின்றது. பம்பரில் மஞ்சள் துணி, பொட்டு, காய்ந்த பூமாலை. முதலில் நான் பார்த்தது எண்ணை அல்ல, கண்ணாடி மூலையை. அத்தான் உள்ளேயிருந்து வேட்டியைக் கட்டிக்கொண்டே வந்தார்.

"உன் மருமவன் வேலைக்குப் போக வண்டி வேணும்னான். சும்மா நிக்கிதேன்னு எடுத்தேன்."

"எட்டாச்சே அத்தான்?"

"அன்னைக்கி எழுத்தைச் சேர்க்கல மச்சான். முன்னால மூணு எழுத்து இருக்குல்ல, அதுக்கு ஏழு. பதினேழும் ஏழும் இருபத்திநாலு. ஆறு. சுக்கிரன். அவசரத்துல விட்டுட்டேன்."

மருமகன் என்று அவர் சொன்னது தன் மகனை, எனக்கு மருமகனாகும் முறையில். அக்கா தேநீர் கலக்கும் சத்தம் உள்ளே கேட்டது. நான் வீடு திரும்பி, சில்வர் காரின் எழுத்துகளை அவருடைய புத்தகத்தின் கணக்கிலேயே கூட்டினேன். எழுத்துக்குப் பன்னிரண்டு, எண்ணுக்குப் பதினான்கு. இருபத்தாறு. எட்டு. அந்தத் தாளை அவரிடம் காட்டவேண்டுமென்று மடித்து வைத்திருந்தேன். ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்றேன். டிசம்பர் வந்துவிட்டது. அவர் முகத்துக்கு நேரே அதை விரிக்காமல் அவரை எரித்துவிட்டோம் என்பது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், எங்கள் வண்டி பட்டறையில் கிடந்ததால், அக்கா மகன், "வாங்க மாமா, நான் கொண்டு விடுறேன்" என்றான். நல்ல பிள்ளை, அவன்மேல் எனக்குக் கோபமில்லை. வெள்ளைக் காரில் நான் முன்னால், மனைவியும் மகளும் பின்னால். இந்த வண்டியை உன் அப்பா எப்போது எடுத்தார் என்று கேட்டேன். "தெரியல மாமா, அப்பாதான் ஒருநாள் சாவியைக் கையில கொடுத்தாரு." வண்டி சத்தமில்லாமல் ஓடியது. மகள் கண்களை மூடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். தோட்டத்துச் சாலையின் ஏற்றத்தில், கண்ணைத் திறக்காமலே, "கியர் மாறுறது இன்னமும் தெரியலப்பா" என்றாள். நான் சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து அடியிலிருந்த தேதியைப் பார்த்துவிட்டு மெல்ல விட்டேன்.

அந்த மார்ச் 9 பக்கத்தின் ஓரத்தில் இப்போது பென்சிலால் ஒரு குறிப்பு சேர்த்திருக்கிறேன். ஆகஸ்ட்டில் நான் பத்தாங் காலிக்குப் போய் விசாரித்தேன். எங்களுக்கு வண்டி காட்டிய சேல்ஸ்மேன் வேலையை விட்டுப் போயிருந்தார். முதலாளியின் தம்பி, "அந்த வெள்ளை வண்டியா? அந்த வாரம்தான் அங்கிள் புக்கிங் ஆச்சு. வியாழக்கிழமையா, அடுத்த திங்களான்னு ஞாபகம் இல்லலா" என்றார். திங்கள் என்றால், அத்தான் தன் கணக்கைத் தானே நம்பாத ஒரு மனிதர், அவ்வளவுதான். வியாழன் என்றால், தகரக் கூரைக்குக் கீழே என் மகளின் ரத்தத்தைப் பற்றி அவர் பேசியது தன் வண்டியின்மேல் கை வைத்துக்கொண்டு. ரசீதுப் புத்தகத்தை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். மறுமாதம் போனபோது அந்த இடத்தில் மெத்தைக் கடை இருந்தது. மார்ச் 6 வியாழனா, மார்ச் 10 திங்களா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.