கண்ணுல கட்டியாம்

ஏரிக்கரைப் பனைமரங்கள் எல்லாம் இடுப்பை வளைத்து நின்ற மாதம் அது. இடது கண்ணால் பார்த்தால் நேராக நிற்கும். வலது கண்ணால் பார்த்தால் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளியும். நாற்று நட்ட வரிசைகூட மெல்ல அலையடிக்கும். சொன்னால் வெட்கம், எனக்கு அது பிடித்திருந்தது. வரப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உத்திரமேரூர் கண்ணாடிக் கடையில் கருவி வைத்துப் பார்த்த பெண், "உள்ள கட்டி மாதிரி கீதும்மா, பெரிய ஆஸ்பத்திரில காட்டு" என்றாள். வீட்டுக்காரரிடம் வந்து நான் சொன்னது இரண்டே சொல்: கண்ணுல கட்டியாம். 'உள்ள' என்பதை விட்டுவிட்டேன்.

"கண்கட்டிக்கா இவ்ளோ பேஜார்? சூடு புடிச்சிக்கினு கீது. நாமக்கட்டி ஒரசிப் போட்டா போவுது" என்றார்.

அன்றிலிருந்து தினமும் கழனிக்குப் போகுமுன் நாமக்கட்டியைக் கல்லில் இழைத்து, காய்த்துப்போன விரலால் என் இமைமேல் பூசுவார். சில்லென்றிருக்கும். முப்பது வருடத்தில் அந்த மனிதர் என் முகத்தை அவ்வளவு பொறுமையாகத் தொட்டதில்லை. இமை வீங்கவே இல்லையே, இது கண்கட்டி இல்லையே என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. வாயை மூடிக்கொண்டேன்.

நாலு மாதம் கழித்து வலது கண்ணுக்கு மரங்களின் நடுப்பகுதியே காணாமல் போனது. பயந்துபோய் சென்னைக்கு ஓடினோம். விழித்திரைக்குப் பின்னால் ரத்தக்குழாய்கள் சேர்ந்து உருண்ட கட்டி என்றார் டாக்டரம்மா. அபூர்வமானது, புற்றுநோய் இல்லை. ஆனால் நீர் கசிந்து பார்வையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. கையில் மருந்தேற்றி, கண்ணுக்குள் ஒளி பாய்ச்சினார்கள். அந்த மருந்து உடம்பில் இருக்கும் ஐந்து நாள் வெயில் படக்கூடாது. ஜன்னலுக்கெல்லாம் கோணி கட்டி அவர் என்னை உள்ளே உட்காரவைத்தார். காலையா மாலையா தெரியாமல் தூங்கித் தூங்கி விழித்தேன்.

அடுத்த பரிசோதனையில், நீர் வற்றிவிட்டது, நடுப்பார்வை மட்டும் திரும்பாது என்றார்கள். முன்னாலேயே வந்திருக்கலாமாம்.

திரும்பும் பஸ் செங்கல்பட்டைத் தாண்டியது. அவர் என் பக்கம் திரும்பி, "நான்தான் உன் கண்ண கெடுத்துட்டேன், இல்ல?" என்றார்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்ல என்னால் ஆகாது. இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டேன். அவர் முகம் இருந்த இடத்தில் சாம்பல் நிறம் மட்டும் இருந்தது. அதனிடம் சொன்னேன்:

"கண்கட்டி இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும். நீ பூசனது நல்லா இருந்துச்சி. அதான் சொல்லல."