மருந்தைத் தூக்கிட்டுப் போன கரி

முதல்ல கக்கூஸ்ல ரத்தம் பாத்தப்ப, முந்தின நாள் ரோட்டோர ஒட்டுக்கடையில தின்ன மொளகா சம்பலாலதான்னு நெனச்சேன். சம்பல விட்டேன். ரத்தம் என்னை விடல. ஈப்போ ஆஸ்பத்திரியில பின்பக்கமா கேமரா விட்டுப் பாத்துட்டு, பெருங்குடல்ல புத்துநோய்ன்னாங்க. "போட்டோவுல நான் அழகா இருக்கேனா?"ன்னு கேட்டேன். யாரும் சிரிக்கல.

எனக்கு இருபத்தாறு வயசு. ஈப்போ பக்கத்துல லகாட்ல மோட்டார் பட்டறையில வேலை. அப்பா அம்மா இல்ல, தனம் அக்கா வீட்டுலதான் இருக்கேன்.

குடல்ல ஒரு துண்ட வெட்டி எடுத்தாங்க. பக்கத்து நெறிக்கட்டியிலயும் (கிருமிய வடிகட்டுற சின்ன முடிச்சு) நோய் இருந்துச்சு. அதனால கீமோ (வேகமா வளர்ற செல்லுகளக் கொல்ற மருந்து) குடுத்தாங்க. ஊசி இல்ல, வீட்டுலயே முழுங்குற மாத்திரை. ஜாலின்னு நெனச்சேன்.

வயித்தால போக ஆரம்பிச்சிச்சு. உள்ளங்கை உள்ளங்கால் செவந்து, எரிஞ்சு, தோல் உரிஞ்சிச்சு. இந்த மருந்து போட்டா அப்படி ஆகும்னு டாக்டரம்மா முன்னாடியே சொல்லியிருந்தாங்க. ஸ்பேனர் பிடிக்க முடியல. அசதி வேற. எந்திரிச்சுப் பல்லு வெளக்கணும்னா கூட கட்டில்ல உக்காந்து யோசிச்சு முடிவெடுக்கணும்.

அக்கா வளந்தது ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுல. அங்க வயித்தால போனா கரி மாத்திரைதான். அதையே எனக்கும் வாங்கிட்டு வந்தா. அந்த வாரம் பாத்து போன்ல ஒரு வீடியோ வந்துச்சு. கார்பன்ல செஞ்ச நானோ குழாய், கண்ணுக்கே தெரியாதாம், புத்துநோய் மருந்தத் தூக்கிட்டுப் போயி நேரா கட்டிக்குள்ள எறக்கிருமாம்.

"டேய், கார்பன்னா கரிதானே?"

"பள்ளிக்கூடத்துல அந்தப் பாடம் நடந்தப்ப நான் வெளிய நின்னேன்க்கா."

"கரிதாண்டா! இனிமே ரெண்டையும் ஒண்ணா போடு. இது தூக்கிட்டுப் போவும், அது போயி அடிக்கும்."

"லாரி வாடக யாரு கட்டுவா?"

"வாய மூடிட்டு முழுங்குலா."

முழுங்கினேன். வயிறு நின்னுச்சு. அடுத்த ரவுண்டு மாத்திரையில கையும் ஆறிருச்சு. அக்கா கோயில்ல தேங்கா ஒடச்சா. நான் பட்டறைக்கே திரும்பிப் போயிட்டேன்.

செக்கப்புல டாக்டரம்மா என் கையத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "எப்படி தம்பி இவ்வளவு நல்லா ஆச்சு?"

அக்கா பெருமையா பையிலேர்ந்து கரி மாத்திரை போத்தல எடுத்து மேசையில வச்சா. வீடியோ கதையையும் சொன்னா. டாக்டரம்மா எழுதிக்கிட்டிருந்தத நிறுத்திட்டாங்க.

"அந்தக் குழாய் வேறம்மா. அத அப்படியே ஒடம்புல விட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், கெடுதலும் பண்ணும். அதனால அது மேல வேற பொருள் சேத்து மாத்துறாங்க. கட்டி இருக்கிற எடத்துல கொஞ்சம் புளிப்பு ஜாஸ்தி. அங்க போனதும் மருந்த விடுற மாதிரி செஞ்சு பாக்குறாங்க. அதுவும் இப்ப எலிக்குத்தான். இந்தக் கரிக்கு மருந்தப் பிடிச்சு வைக்க மட்டும்தான் தெரியும், விடத் தெரியாது."

"அப்ப மருந்து?" அக்கா கேட்டா.

"எவ்வளவு ஒடம்புல சேந்துச்சு, எவ்வளவு கரியோட வெளிய போச்சுன்னு என்னால சொல்ல முடியாது. மருந்து ஒடம்புல சரியா சேராததும் கை ஆறினதுக்குக் காரணமா இருக்கலாம். வயித்தால போனத எங்கிட்ட சொல்லியிருந்தா நானே வேற மாத்திரை குடுத்திருப்பேன்."

"எலிக்கு மட்டும் நல்ல டாக்டரா பாத்து வச்சிருக்காங்க"ன்னேன். வெளிய வந்ததும் அக்கா கார் பார்க்ல தூணப் பிடிச்சிக்கிட்டு அழுதா. அப்ப எனக்கு ஒரு ஜோக்கும் வரல.

இதப் படிக்கிறவங்க யாராச்சும் இதே மாத்திரை போடுறீங்கன்னா, கரியோ கஷாயமோ எதுவா இருந்தாலும் டாக்டர்கிட்ட சொல்லிட்டுப் போடுங்க. பாசத்துல குடுத்தவங்கள ஏசாதீங்க. அவங்களே தங்கள ஏசிக்கிட்டுதான் இருப்பாங்க.

ஸ்கேன்ல நோய் ஒண்ணும் தெரியல. "இப்போதைக்கு தெரியல, அவ்வளவுதான்"னாங்க டாக்டரம்மா. கரிய நிறுத்திட்டு மறுபடியும் மாத்திரை. எரிச்சல் திரும்பி வந்துச்சு. காலையில அக்கா கோப்பியோட வந்து கேப்பா, "எரியுதாடா?"

"தீயா எரியுதுக்கா."

எரிஞ்சா மருந்து உள்ள சேருதுன்னு அவ மொகம் தெளிஞ்சிரும். "தம்பி கை எரியுதுன்னு சந்தோஷப்படுற ஒரே அக்கா நீதான்"னு சொன்னா, "போடா எரும"ன்னு கண்ணத் தொடச்சிக்குவா. சில நாள் எரியாமலே எரியுதுன்னு சொல்லியிருக்கேன்.

போன மாசம் மாத்திரை முடிஞ்சிச்சு. அசதி மட்டும் இன்னும் போகல. உள்ளங்கையில புதுத் தோல் வருது, கொழந்த கை மாதிரி. முன்னாடி ஒடம்பு நல்லா இருக்குன்னா நல்லா இருக்குதான். இப்ப ஒரு எடத்துல வலி இல்லன்னா, ஏன் இல்லன்னு யோசிக்கிறேன். வருசம் மாசம்லாம் எனக்குக் கெடையாது. இந்த ஸ்கேன்லேர்ந்து அடுத்த ஸ்கேன் வரைக்கும் ஒரே நீள நாளு.

நேத்து அக்கா பக்கத்துல வந்து உக்காந்து என் கைய மடியில எடுத்து வச்சிக்கிட்டா. புதுத் தோல விரலால தடவிப் பாத்தா. எரியுதான்னு கேக்கல. நானும் கைய அவ மடியிலயே விட்டுட்டேன்.