பாதியில் நின்ற சுவர்

அந்த வீட்டுக்குப் புதிதாக வருகிற யாரும் முதலில் கேட்பது ஒன்றுதான். "இது என்ன, சுவரப் பாதியிலயே விட்டுட்டீங்க?"

கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் மார்பளவுக்கு எழும்பி, அதற்குமேல் போக மனமில்லாமல் நிற்கும் சுவர். "எங்க சண்டை அந்த உயரத்துல நின்னுபோச்சு" என்பாள் நர்ஸம்மா. பொய்யில்லை.

வீடு கட்டத் தொடங்கியபோது அவளுக்கு ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி. அவள் புருஷனுக்குப் பகலெல்லாம் பஸ் ஓட்டும் வேலை. அவள் திரும்பும்போது அவர் கிளம்பியிருப்பார். அவர் திரும்பும்போது அவள் கிளம்பத் தயாராகிக்கொண்டிருப்பாள். சாயங்காலத்தில் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்திலும் சுவரைப் பார்த்துக்கொண்டா சமைப்பது? நடுவில் தடுப்பே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அவருடைய பாடு வேறு. நாள் முழுக்க ஒரு பஸ் நிறைய ஜனங்களின் கண் அவர் முதுகில். "வீட்டுலயாவது யாரும் பாக்காத மூலை ஒண்ணு வேணும்மா. பாத்திரச் சத்தம் இல்லாம சித்த நேரம் சும்மா உக்காரணும்" என்றார். அதுவும் நியாயம்தான். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிற சண்டை லேசில் முடிகிற சண்டையா?

அகப்பட்டுக்கொண்டவர் மேஸ்திரி. காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மனைக்கு வருவாள், கண்ணெல்லாம் தூக்கத்தோடு. முந்தின நாள் எழும்பிய சுவரைப் பார்த்ததும் தூக்கம் பறந்துவிடும். "மேஸ்திரி, இத எடுங்க." மேஸ்திரி ஈரம் காயாத கற்களைக் கழற்றி, கழுவி, ஓரமாக அடுக்குவார். பொழுது சாய்வதற்குள் டிரைவர் வந்து நிற்பார். "எங்கய்யா சுவரு? கட்டு." கழுவின கல் மறுபடி ஏறும்.

இதை வீட்டிலேயே பேசித் தீர்த்திருக்கலாமே என்று கேட்கலாம். கிடைப்பதே கொஞ்ச நேரம். அதைச் சண்டையில் கரைக்க இருவருக்கும் மனசு வரவில்லை. சண்டையை மேஸ்திரி தலையில் கட்டிவிட்டு, வீட்டில் சமத்தாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள், சுவர் மார்பளவு வந்திருந்தபோது, மேஸ்திரி சாந்துக் கரண்டியைக் கீழே போட்டார். அவரிடம் சாயங்காலமும் இவளிடம் காலையிலும் ஒரே வசனம்தான். "இனிமே இதுல ஒரு கல்ல ஏத்தணும்னாலும் இறக்கணும்னாலும், ரெண்டு பேரும் ஒண்ணா வந்து நின்னு ஒரே வார்த்தையா சொல்லுங்க. அதுவரைக்கும் நான் தொட மாட்டேன்."

ஒன்றாக லீவு கிடைக்கவே இல்லை. எப்போதாவது கிடைத்தபோதும், போயும் போயும் சுவரைப் பற்றி யார் பேசுவார்கள்? சுவர் நின்றுவிட்டது.

யாருக்கும் வேண்டாத அந்தச் சுவர்தான் குடும்பத்தையே சுமந்தது. அவர் சாவி, அவள் கைக்கடிகாரம், மகளின் பள்ளிக்கூடச் சாப்பாடு எல்லாம் அதன் தலைமேல்தான். பஸ்ஸை விட்டுவிட்டு வந்ததும் அவர் முழங்கையை ஊன்றி நின்று, அன்றைக்கு ஏறிய ஜனங்களைப் போல நடித்துக் காட்டுவார். மூலை கேட்ட மனுஷர் மூலைக்கே போகவில்லை. அவள் காபியை நீட்டியபடி சிரிப்பாள். எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் அவர் முழங்கை வைக்கும் இடம் மட்டும் தேய்ந்து பளபளத்துவிடும்.

இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார்கள். போன மழைக்காலத்தில் அவர் வழுக்கி விழுந்து இடுப்பு போயிற்று. இனி எழுந்து நிற்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகளோ வெளியூரில். பகல் முழுக்கக் கூடத்தில், சக்கர நாற்காலியில் அவர். நிமிஷத்துக்கு ஒரு தரம் குரல் கொடுப்பார். "இருக்கியா?"

"இருக்கேன், எங்க போயிடுவேன்?" அவளுக்குச் சலிப்பாக வரும்.

ஒருநாள் அவர் கேட்டார். "இந்தச் சுவர இடிச்சிரலாமா?"

"கட்டியே ஆகணும்னு குதிச்சது யாரு?"

"நான்தான்."

"அப்ப சும்மா இருங்க."

அவள் பிடிகொடுக்கவில்லை. காரணத்தை வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. நிமிர்ந்து நின்று கதை சொன்ன மனுஷர் இப்போது அந்த முழங்கை தேய்த்த இடத்தில் மட்டும்தான் மிச்சம் என்று நினைத்தாள். அதையும் உடைக்கவா?

வாசல் படியில் நாற்காலி ஏறி இறங்கச் சாய்வு போட மேஸ்திரி வந்தார். அவருக்கும் தலை வெளுத்திருந்தது. சுவரைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இப்பதான் ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கீங்க. சொல்லுங்க, ஏத்தவா, இறக்கவா?"

"இடிய்யா" என்றார் டிரைவர்.

"கை வைக்காதீங்க" என்றாள் நர்ஸம்மா.

"அடப்பாவமே, கட்சி மாறியும் சண்டை மாறலியே!" மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

சாய்வுக்கு அளவெடுக்க நாற்காலி தேவைப்பட்டது. அவரை உள்ளறைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். வேலை முடிந்து நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தள்ளி வந்தவள், கால் வலிக்கவே அதில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

எதிரே சுவர். சுவரைத் தவிர ஒன்றுமில்லை. முழங்கை தேய்ந்த இடம் சுவரின் உச்சியில். இங்கிருந்து அதுகூடத் தெரியவில்லை. சமையலறைக் குழாய் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அங்கே யாராவது இருக்கிறார்களா இல்லையா என்று எப்படித் தெரியும்?

உள்ளேயிருந்து குரல் வந்தது. "இருக்கியா?"

அவளுக்கு முதல்முறையாக அந்தக் கேள்வி புரிந்தது. அழுகை வந்துவிட்டது. ஓடிப்போய்க் கட்டில் பக்கத்தில் நின்றாள்.

"மேஸ்திரி, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுங்க, சேர்ந்து சொல்லணும்."

"இடிங்க" என்றார்கள் இருவரும்.

மறுநாள் சாயங்காலம் தரையெல்லாம் கழுவி முடித்து, அவள் காபி கலந்தாள். பழக்கதோஷம், டம்ளரைச் சுவர்மேல் வைக்கக் கையை நீட்டிவிட்டாள். கை வெறும் காற்றில் நின்றது. நாற்காலியிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார், வாய் கொள்ளாத சிரிப்போடு.

"இனிமே நடந்து வந்து கையிலதான் குடுக்கணும்" என்றார்.

அவள் நடந்து போய்க் கொடுத்தாள்.