கலண்டரில் கீறிய சூரியன்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். மூன்று தரம் தொடங்கி, மூன்று தரமும் எரிச்சலில் போனைக் கட்டிலில் எறிந்தேன். எழுதித்தான் என்ன, வாசிக்கிற உங்களில் அரைவாசிப் பேர் அம்மாவின் பக்கம் நிற்கப்போகிறீர்கள். தாராளமாக நில்லுங்கள். நடந்ததை ஒருதரம் என் வாயால் கேட்டுவிட்டு நில்லுங்கள்.

நானும் என் நண்பனும் ஒரே காரில் வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு பேருக்கும் வீடு கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில். எனக்கு வேலை மிசிசாகாவில், விமான நிலையத்தில். விமானங்களின் வயிற்றுக்குள் ஆட்களின் பெட்டிகளை அடுக்குகிறேன். அவனுக்கு பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸ். காலையில் ஹைவேயில் கார் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஊரும். கார் என்னுடையது என்பதால் கதையும் என்னுடையது. கோப்பிக்கடை யன்னலில் அவனுக்கும் சேர்த்து நானே ஓடர் பண்ணுவேன். என்ன வேண்டும் என்று கேட்டால், "நீயே சொல்லு மச்சான்" என்பான். பள்ளிக்கூடத்தை நான் பாதியில் விட்ட வருசத்திலிருந்து இதுதான் ஒழுங்கு. தனியாகக் கடைக்குக்கூடப் போகாத பிறவி என்று அவனை எத்தனை தரம் நக்கலடித்திருப்பேன் என்று கணக்கில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள். கையுறைக்குள் விரல் விறைத்துப்போய் நிற்கிறேன். முன்னால் வைக்கோல் தொப்பி கட்டிய பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒரு பையிலிருந்து காற்றடிக்கிற பிளாஸ்ரிக் அன்னம் ஒன்று கழுத்தை வெளியே நீட்டி என்னைப் பார்த்தது. ஒரு பிளாஸ்ரிக் அன்னத்துக்கு விடுமுறை இருக்கிறது, எனக்கு இல்லை. அன்றைக்குப் பின்னேரம் காரில் சொன்னேன்.

"மச்சான், நாங்களும் போறம்."

"எங்க?"

"கடலுக்கு. இல்லாட்டி உனக்கு ஏரி காணுமே? இண்டைக்கு மைனஸ் பன்ரண்டுதான், போய் முழுகு."

"ஏரியில உப்பில்லை" என்றான்.

பகிடிக்குச் சொன்னானென்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் கடல் இருந்த ஒரு தீவில் பிறந்து, பதினொரு வயதில் தாயோடு இங்கே வந்தவன். அதற்குப் பிறகு பதினாறு வருசம் விமானமும் ஏறவில்லை, கடலிலும் கால் வைக்கவில்லை. பாஸ்போட் இந்த வருசம்தான் கைக்கு வந்தது. அதை ஒரு சான்விச் பைக்குள் போட்டு ஒட்டி வைத்திருந்தான். ஈரம் படக்கூடாதாம். ரொறன்ரோவில் அலுமாரிக்குள் எங்கிருந்து ஈரம் வருமென்று நான் கேட்கவில்லை. நான் ஏதாவது கேட்காமல் விட்டது அந்த ஒன்றுதான்.

இடத்தை நான் தெரிவு செய்தேன். கியூபா வேண்டாம். அங்கே போய் வெயிலில் படுத்தால் பக்கத்துக் கதிரையில் எங்கள் தெரு அங்கிள் ஒருவர் அரைக் காற்சட்டையோடு படுத்திருப்பார். எழும்பி, "தம்பி, அம்மா சுகமே?" என்பார். லண்டனில் சொந்தம், ஜேர்மனியில் சொந்தம், சுவிஸில் சொந்தம். பாரிஸில் என் கூடப்பிறந்த அக்காவே இருக்கிறா. உலக வரைபடத்தில் எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லாத கடற்கரையாகத் தேடித்தான் ஸ்பெயினில் பெனிடோமைப் பிடித்தேன். வீடியோவில் பார்த்தால் விடியவிடியப் பாட்டு. பின்னேரம் நான்கு மணிக்கே நடுத்தெருவில் வெள்ளைக்காரக் கிழவிகள் கும்பலாக ஆடுகிறார்கள். எனக்கு அந்தச் சத்தம் வேண்டும். அவனுக்கு ஒரே ஒரு நிபந்தனை: செருப்பில்லாமல் அறையிலிருந்து தண்ணிக்கு நடக்கிற தூரத்தில் ஹோட்டல் இருக்கவேண்டும்.

அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தோம். பால்கனியில் நின்று கழுத்தைச் சரித்தால் கடல் தெரியும். அதற்குப் பிறகு தினமும் காரில் ஏறியதும் அந்த ஊர்க் கடலின் வெப்பநிலையைப் போனில் பார்த்துச் சொல்வான்.

"தண்ணி இண்டைக்குப் பதினாலு."

"செத்துப் போவாயடா."

"வைகாசிக்குப் பதினெட்டு வரும்."

அவனுடைய சுப்பவைசரிடம் தலைகீழாய் நின்று வாங்கிய லீவு அது. வைகாசியில் அந்த ஒரு கிழமை, அதை விட்டால் இந்த வருசம் இல்லை. நத்தார் லீவுக்கு வேலை செய்வேன் என்று ஒத்துக்கொண்டு எடுத்தது. வியாழன் இங்கே ஏறி, வெள்ளி அங்கே இறங்கி, அடுத்த வெள்ளி திரும்புவது. ரிக்கெற் எடுத்தாயிற்று. வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று நானே அவனிடம் சத்தியம் வாங்கினேன்.

சத்தியம் வாங்கிய இந்த நாயே போய்ச் சமையலறைக் கலண்டரில் கீறியது.

எங்கள் வீட்டில் என் வேலை நேரம், அம்மாவின் விரதம், பல் டொக்டர் எல்லாம் ஒரு கலண்டரில்தான் இருக்கும். தமிழ்க்கடை சும்மா தருகிற, ராகுகாலம் போட்ட கலண்டர். அந்த வாரத்துக்கு வேலையில்லை என்று குறிக்கவேண்டும். பேனையைப் பிடித்த கைக்குக் குறும்பு வந்துவிட்டது. சிவப்பு மையில் ஏழு நாளையும் சேர்த்து ஒரு பெரிய சூரியன் கீறி, அதற்குக் கறுப்புக் கண்ணாடியும் போட்டுவிட்டேன்.

"என்னடா தம்பி உந்தச் சூரியன்?"

"லீவு."

"லீவுக்கு ஏன் கண்ணாடி? எங்க போறாய்?"

எனக்கு எல்லாவற்றுக்கும் வாய் இருக்கிறது, பொய்க்கு மட்டும் இல்லை. "ஸ்பெயின்" என்றேன். அம்மா ஏசவில்லை. "ஓம், போய்ட்டு வா" என்றா. அப்போதே எனக்குப் பயம் வந்திருக்கவேண்டும். அம்மா போனை எடுத்துக் கலண்டரைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினா. அதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே நான் பாண் தின்றேன்.

மூன்றாம் நாள் அக்காவின் கோல் வந்தது. என்னைவிடப் பத்து வயது மூத்தவ. எடுத்தவுடனே சந்தோசத்தில் கத்தினா.

"தம்பி! ஹோல் கிடைச்சிட்டுதடா!"

"என்ன மண்டபம்?"

"பிள்ளையின்ர சாமத்தியவீட்டுக்கு. ஆடி மாசம் வைக்க இருந்தனாங்கள். அம்மா கலண்டர் அனுப்பினவ. நீ கீறின ஞாயிற்றுக்கிழமை சுபமுகூர்த்தமாம்! உனக்காகத்தான் மாத்தினனான். நீ ஒரு தாய்மாமன், நீ இல்லாமல் என்னெண்டு செய்யிறது?"

மகள் பெரியபிள்ளையான சடங்கை எனக்காக மாற்றினாவாம்! நான் கேட்டேனா? எனக்கு ஒரு நாளும் நல்ல நாள் பார்த்து ஒன்றும் நடந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கிழமை எடுத்தால் அதற்குள் சுபமுகூர்த்தம் வந்து குந்துகிறது.

"அக்கா, நான் ஸ்பெயினுக்கு எல்லோ போறன்."

"ஸ்பெயினில இருந்து பாரிசுக்கு ரெண்டு மணித்தியாலம். பிறம்ரன் போய்வரவே உனக்கு அவ்வளவு எடுக்குதாம், அம்மா சொன்னவ."

அன்று வீட்டில் நான் கத்திய கத்தில் மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டினார்கள். அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தா.

"ஞாயிறு ஒரு நாள்தானேடா."

"தாய்மாமன் இல்லாட்டி பிள்ளையின்ர தலையில தண்ணி விழாதே அம்மா?"

"விசர்க்கதை கதையாத."

"பதின்மூண்டு வயசுப் பிள்ளை. உது வேணுமெண்டு அவள் கேட்டவளே? ஆராவது அவளிட்டக் கேட்டனியளே?"

"உன்னிட்டக் கேட்டே உன்னைப் பெத்தனாங்கள்?"

நான் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனேன். காலையில் எழும்பி வந்தால் என் சூரியனுக்கு மேல் அம்மாவின் நீலப் பேனை. ஞாயிறு, சாமத்தியவீடு. சனி, ஹோல் சோடிக்க உதவி. வெள்ளி, எயாப்போட்டிலிருந்து அக்கா வீடு. திங்கள், அத்தானின் ஆட்கள் வீட்டில் சாப்பாடு. செவ்வாய், ஜேர்மனியிலிருந்து மாமா கார் ஓடி வருகிறார், என்னைப் பார்க்கவாம். அடுத்த நாளே நான் கிளம்பினால் மனிசன் என்ன நினைக்கும்? புதன், பயணக் களை. கறுப்புக் கண்ணாடியின் ஒரு பக்கம் மட்டும் மிச்சம்.

"வியாழன் முழுக்க உனக்குத்தானே" என்றா அம்மா, ஏதோ காணி எழுதித் தருகிற மாதிரி.

போதாததற்கு மேசையில் ஐந்து கிலோ மிளகாய்த்தூள். பாரிஸில் இல்லாத தூளா? அங்கே எங்கள் கடைகள் ஒரு தெரு முழுக்க இருக்கிறதென்று அக்காவே வீடியோ போட்டவ. கைப்பையோடு கடற்கரைக்குப் போக இருந்தவனைத் தூள் மூட்டையோடு அனுப்பப் பார்க்கிறார்கள்.

காரில் இதையெல்லாம் நண்பனுக்குக் கொட்டினேன். அவன் கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டான்.

"அப்ப நாங்கள் போறமோ, இல்லையோ?"

"போறம் மச்சான்! அடிச்சுச் சொல்லுறன். அவையள் பிள்ளையைப் பல்லக்கில தூக்கட்டும், இல்லாட்டி ஹெலிகொப்டரில கொண்டுவந்து இறக்கட்டும், நாங்கள் கடல்ல."

"சரி" என்றான். போனைப் பார்த்துவிட்டு, "தண்ணி பதினாறு."

அதிலிருந்து பத்து நாள் நான் அசையவில்லை. அக்கா அழுதா, அசையவில்லை. அத்தான் மரியாதையாகக் கதைத்தார், அது அக்கா அழுததைவிட மோசம், அதற்கும் அசையவில்லை. இனி ஒருவராலும் என்னை அசைக்கமுடியாது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தபோது மருமகளிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. பிரெஞ்சும் தமிழும் கலந்து, மூக்கால் கதைப்பாள். பின்னணியில் தண்ணிக்குழாய்ச் சத்தம். குளியலறைக்குள் ஒளித்திருந்து பேசியிருக்கிறாள்.

"மாமா, அம்மா என்னைப் பல்லக்கில ஏத்தப் போறாவாம். எனக்குச் சரியான வெக்கம். என்ர வகுப்புப் பிள்ளையளையும் கூப்பிட்டிட்டா. நீங்கள் பக்கத்தில நிண்டு பகிடி விட்டா நான் அழமாட்டன். வாறீங்களா?"

இந்த வீட்டில் எனக்கு ஆத்திரம் வரவேண்டும் என்று ஒவ்வொருவராக முறை போட்டு வேலை செய்கிறார்கள். அம்மாவுக்கு இல்லை என்று சொல்லலாம். அக்காவுக்குச் சொல்லலாம். மாமனின் பகிடி வேண்டும் என்று குளியலறைக்குள் இருந்து கேட்கிற பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். அதைக் கேட்டு உலகத்தில் ஒருவரும் இதுவரை விண்ணப்பம் போட்டதில்லை.

வருவேன் என்று அவளுக்குச் சொன்னேன். அரை மணித்தியாலத்தில் அக்கா கோல். நன்றி சொல்லத்தான் எடுக்கிறா என்று நினைத்தேன்.

"உன்னோட ஸ்பெயினுக்கு வாற அந்தப் பெடியனையும் கூட்டிக்கொண்டு வா தம்பி. பல்லக்குக்கு ஒராள் குறையுது. இடுப்பில நாரிப்பிடிப்பெண்டு அத்தான்ர தம்பி மாட்டன் எண்டிட்டார்."

பதினாறு வருசத்துக்குப் பிறகு கடலுக்குப் போகிறவன் அக்காவுக்குப் பல்லக்கின் நான்காவது கால்! போனுக்குள்ளே கையை விட்டு ஹோலை இடிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் என்ன செய்தேன் தெரியுமா? "கேட்டுப் பாக்கிறன்" என்றேன். அந்த இரண்டு சொல்லுக்காக எனக்கு என்மேல் இருக்கிற கோபம் அம்மாமேலும் இல்லை, அக்காமேலும் இல்லை.

அடுத்த நாள் காரில் சொல்லவேண்டும் என்று ஏறினேன். சொல்லவில்லை. முன்னால் போன லொறியைப் பற்றிப் பகிடி விட்டேன். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. அவன் புதிதாக வாங்கிய நீச்சல் காற்சட்டையைக் காட்டினான். மஞ்சள் நிறம், அன்னாசிப்பழம் போட்டது. வேறு நாளென்றால் ஒரு கிழமைக்கு அதை வைத்தே அவனைக் கொன்றிருப்பேன். "வடிவாயிருக்கு" என்றேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். என் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்தால் எங்கேயோ பிழை என்று அவனுக்குத் தெரியும். பார்த்துவிட்டு, "தண்ணி பதினேழு" என்றான்.

மூன்றாம் நாள் எனக்குக் காலை வேலை, அவனுக்கு லீவு. மத்தியானச் சாப்பாட்டு நேரம், சக வேலையாட்கள் மைக்ரோவேவுக்கு வரிசையில் நிற்க, மூலையில் குந்தியிருந்து அவனுக்கு எழுதினேன். நேரே சொல்லத் துணிவில்லாதவன் எழுதுகிற மாதிரி நீட்டி எழுதினேன். அம்மா, கலண்டர், முகூர்த்தம், எல்லாரையும் திட்டினேன். மருமகள் கேட்டதைச் சொன்னேன். நீ தனியே எங்கே போவாய், என்னோடு பாரிஸுக்கு வா, வியாழன் ஒரு நாள் எங்காவது தண்ணியைப் பார்க்கலாம், பல்லக்கு அவ்வளவு பாரம் இருக்காது, சாப்பாடு நல்லாயிருக்கும் என்றெல்லாம் எழுதினேன். திரும்ப வாசித்தபோது அம்மா கதைத்த மாதிரியே இருந்தது. அந்த ஆத்திரத்தில்தான் அனுப்பு என்பதை அமத்தினேன்.

வாசித்துவிட்டான் என்று போன் காட்டியது. என் சோறு மைக்ரோவேவுக்குள் சுற்றி முடிந்து, மணியடித்து, வரிசையில் அடுத்து நின்றவன் எடு எடு என்று கத்தும் வரைக்கும் பதிலில்லை. பிறகு வந்தது.

"நீ பல்லக்கைத் தூக்கு மச்சான், தண்ணி பதினெட்டுக்கு வந்திட்டுது, நான் போறன்."