குப்பியைத் திறக்க ஆள் வேண்டும்

அந்த வியாழக்கிழமை காலையில், இன்னும் யாரையாவது நாய் கடித்திருக்கக் கூடாதா என்று ஏங்கியபடி உட்கார்ந்திருந்தேன். எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசல் பெஞ்சில், எல்.கே.ஜி. படிக்கும் என் மகள் மடியில் இருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் நாகல் நகரில் எங்கள் தெருமுனை மளிகைக் கடை முன்னால், எங்கிருந்தோ வந்த ஒரு செவலை நாய் அவள் கெண்டைக்காலைக் கவ்விவிட்டு ஓடிவிட்டது. ரத்தம் வரவில்லை. பல் பட்ட கோடு மட்டும் சிவந்திருந்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன். சரியாகக் கழுவினேனா என்று சந்தேகம் வந்து மறுபடியும் கழுவினேன். அந்த நாயை அதன்பிறகு யாரும் பார்க்கவில்லை. அது உயிரோடு இருக்கிறதா என்பதுகூடத் தெரியாது.

நாங்கள் வழக்கமாகப் போகும் தனியார் டாக்டர்தான் இங்கே அனுப்பினார். நான்கு தவணை ஊசி, ஒன்றுகூடத் தவறக் கூடாது என்றார்.

இங்கே ஒரு முறை இருக்கிறது. மருந்தைத் தோலுக்குள் கொஞ்சமாகப் போடுவதால் ஒரு குப்பி ஐந்து பேருக்கு வரும். திறந்துவிட்டால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். அதனால் நர்ஸ், "செத்த நேரம் உட்காருங்க, இன்னும் ரெண்டு பேர் வரட்டும்" என்றார். எனக்கு முன்பே ஒரு பால்காரம்மா கணுக்காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். மகள் வாசலையே பார்த்துக்கொண்டு, "இன்னும் யாரையும் கடிக்கலையாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் ஒருவர் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். அய்யலூர் ஆட்டுச் சந்தையில் கடி வாங்கி, அங்கிருந்து நேராக வந்த வியாபாரி. எங்கள் மூன்று பேர் முகமும் மலர்ந்துவிட்டது.

"என்ன தாயி, என்னையப் பார்த்ததுல இம்புட்டுச் சந்தோசம்?"

"ஆள் சேரட்டும்னு இருக்கோம்ணே," என்றார் பால்காரம்மா. "ஷேர் ஆட்டோ மாதிரி."

பைக்கில் போகும்போது கடிபட்ட ஒரு கல்லூரி மாணவியும் நொண்டிக்கொண்டு வந்து சேர, நர்ஸ் குப்பியைத் திறந்தார். மகளின் இரண்டு கைகளிலும் சின்னக் கொப்புளம்போல மருந்து எழும்பியது. இவ்வளவு கொஞ்சம் போதுமா என்று கேட்டேன். போதும் என்றார். வெளியே வந்துவிட்டுத் திரும்பிப் போய் இன்னொரு முறை கேட்டேன். "பாப்பா அழவே இல்ல. நீங்கதான் அழுதுருவீங்க போல," என்றார்.

நான்கு பேருக்கும் அடுத்த தவணைகள் ஒரே நாள் என்பதால் சேர்ந்தே வருவது என்று பேசிக்கொண்டோம். மாணவி வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கி அதற்குக் 'கடிபட்டோர்' என்று பெயர் வைத்தாள். வியாபாரிக்கு டைப் பண்ண வராது. அவர் குரல் பதிவுகளில் எப்போதும் பின்னால் ஆடு கத்தும்.

மூன்றாவது ஊசி அன்று நர்ஸ் ஃப்ரிட்ஜைத் திறந்தபோது எட்டிப் பார்த்துவிட்டேன். மருந்துப் பெட்டி கிட்டத்தட்டக் காலி.

"கேட்டு எழுதியாச்சு. எப்ப வரும்னு தெரியல," என்றார்.

"இதையெல்லாம் தனியாருக்கு விடப் போறாகளாமே?" என்றார் பால்காரம்மா. "காப்பீட்டுக் கார்டு இருந்தாத்தான் ஊசியாமே?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்? நானே ஒப்பந்தத்துல இருக்கேன். அடுத்த வருசம் இதே நாற்காலியில இருப்பேனான்னு என்னையக் கேட்டாலே தெரியாது."

"யார்கிட்ட விட்டாலும் நாய் விடாதுல்ல," என்றார் வியாபாரி. எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கடைசி ஊசிக்கு மூன்று வாரம் இருந்தது. அன்றைக்கு மருந்து இல்லையென்றால்?

என் கணவர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு காய்கறிக் கமிஷன் கடையில் வேலை செய்கிறார். கேரளா லாரிகளுக்கு நடுவே அவரைப் போனில் பிடித்தேன்.

"வெளிய ஒரு பாட்டில் வாங்கி நம்ம ஃப்ரிட்ஜ்ல வச்சிருவோமா?"

"வச்சிருவோம்."

"கரண்ட் போச்சுன்னா கெட்டுப்போகும்."

"அப்ப வேணாம்."

"அன்னைக்கு அங்கயும் இல்ல, கடையிலயும் இல்லைன்னா?"

"ஏம்மா, நான் என்ன சொல்லணும்னு நீயே சொல்லிரு. அதையே சொல்லிடறேன்."

வாங்கவில்லை. வாங்காதது சரியா என்று அந்த மூன்று வாரமும் யோசித்தேன். வெறிநோய் வந்தால் தண்ணீர் தொண்டையில் இறங்காது என்று கேள்விப்பட்டிருந்தேன். மகளுக்கு லேசாகக் காய்ச்சல் வந்த ஒருநாள், ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்துவிட்டு அவள் விழுங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். முழுவதும் குடித்துவிட்டு இன்னும் கேட்டாள்.

கடைசி ஊசியும் வியாழக்கிழமைதான். தீபாவளிக்கு முந்தின சந்தை நாள். நானும் பால்காரம்மாவும்தான் வந்திருந்தோம். உட்காரும் முன்பே, "மருந்து இருக்கா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பாட்டில் இருக்கு. உங்களுக்குப் போடாம அனுப்ப மாட்டேன், பயப்படாதீங்க." பிறகு தயங்கினார். "ஆனா ரெண்டு பேருக்காக ஒண்ண உடைச்சா மிச்சம் வீணாப் போயிரும். புதுசா கடிபட்டு வர்றவுகளுக்கு ஒண்ணுதான் இருக்கும்."

இப்போதே போடுங்கள் என்று வாய் வரை வந்துவிட்டது. என் பிள்ளைக்கு இருக்கிறது, அது போதாதா? ஆனால் முதல் நாள் இதே பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. குரூப்பில் எழுதினேன். மாணவி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். வியாபாரியிடமிருந்து பதிலே இல்லை. சந்தை நாளில் எங்கே வரப்போகிறார் என்று பால்காரம்மா சொல்லி வாய் மூடுவதற்குள் குரல் பதிவு வந்தது. ஆடுகளின் சத்தத்துக்கு மேல் அவர் கத்தினார்: "வண்டியில ஆட்டை ஏத்திக்கிட்டு இருக்கேன் தாயி. பாட்டிலை உடைச்சிர வேணாம்னு சொல்லு. வாரேன்."

மாணவி வந்து வெகுநேரம் கழித்து, சட்டையெல்லாம் வைக்கோலும் புழுக்கை வாடையுமாக அவர் வந்தார். குப்பி திறந்தது. மகளுக்குத்தான் முதலில். ஊசி வெளியே வந்ததும் நான் பிடித்துவைத்திருந்த மூச்சு சத்தமாகவே வெளியேறியது. நர்ஸ் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

நான்கு பேருக்கும் போட்டு முடித்து, செருப்பை மாட்டும் நேரத்தில் ஒரு பெண் ஓடி வந்தாள். இடுப்பில் சின்னப் பையன், அவன் காலில் ஈரத்துணி. தலைகூட வாராமல் வந்திருந்தாள். "நாய் கடிச்சிருச்சு. ஊசி இருக்கா?"

நர்ஸ் பதில் சொல்வதற்குள் என் மகள், "வாங்க வாங்க, பாட்டில் உடைச்சாச்சு," என்று கூப்பிட்டாள்.

ஐந்தாவது பங்கு அந்தப் பையனுக்குப் போனது. அவள் தவணைத் தேதிகளைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த ஊசிக்கும் மருந்து இருக்குமாக்கா?"

"இருக்கும். இல்லைன்னா சொல்லு, சேர்ந்து தேடலாம்," என்றேன். இருக்குமா என்று எனக்குத் தெரியாது. மாணவி அவள் நம்பரைக் கேட்டு வாங்கிக் குரூப்பில் சேர்த்தாள். வியாபாரி விலகிக்கொள்கிறாரா என்று பால்காரம்மா கேட்டார். "நான் எதுக்கு விலகணும், சந்தை சந்தையாத்தான தினம் திரியிறேன். நாயும் அங்கதான திரியுது," என்றார்.

ஆட்டோவில் மகள் இரண்டு கைகளையும் மாறிமாறித் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீடு வருவதற்குள் தூங்கிவிட்டாள். எழுந்ததும் தண்ணீர் கேட்டாள். அன்று கொடுத்துவிட்டு நின்று பார்க்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டேன்.